பதிலுக்கு நின்றவர்கள்

பதினைந்தாவது பெயரை எழுதி முடித்த கையோடு பெலென் அம்மாள் பேனாவை மேலே கொண்டுபோய் மூன்றாவது பெயரை அடித்தாள். ஒரு கோடு போதாதென்று மூன்று கோடு போட்டாள். அங்கே யார் இருந்தார்கள் என்பது பின்னால் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது போல.

அந்தப் பெயருக்கு உரியவள் பத்தடி தள்ளி அடுக்களையில் நின்று பால்மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். பால்மீனில் இருநூற்றுச் சொச்சம் முள். சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் தட்டுவாள். அந்த டிக், டிக் சத்தம் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டது.

ஜோவெலின் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியாரின் பின்னால் நின்று, ஞானஸ்நானத்துக்கு நிற்கப்போகிறவர்களின் பட்டியலைப் பார்த்தாள்.

“அத்தே, லூடி அக்கா பேரை ஏன் அடிச்சீங்க?”

“யாரு அடிச்சா? இடம் மாத்தியிருக்கேன். அவ பிள்ளைக்குப் பெரியம்மா. பெரியம்மாவா இருக்கிறதுக்கு லிஸ்ட்ல பேரு எதுக்கு?”

“ஞானத்தாயா நிக்கச் சொல்லி நான்தான் கேட்டிருக்கேன்.”

பெலென் அம்மாள் பேனாவுக்கு மூடி போட்டாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். யாருக்கும் எதையும் விளக்குவதற்கு முன்னால் மூடி போடுவது அவள் வழக்கம்.

“உங்க அக்கா மேல எனக்கு மரியாதை இல்லையா? தங்கமான மனுஷி. ஆனா அன்னிக்கு பிரிசிலா மேடம் பக்கத்துல நிக்கணும். போட்டோ எடுப்பாங்க. போட்டோவுல மீன் வாடை வராதுதான். மேடத்துக்கு வருமே.”

அடுக்களையில் டிக், டிக் நின்றது. எண்ணிப் பத்து வரை சொல்லலாம், அவ்வளவு நேரம். பிறகு மறுபடி ஆரம்பித்தது.

லூடியின் முழுப்பெயர் லூர்தெஸ் மாக்சினோ. சான் அல்பெர்த்தோ சந்தையில் பதினேழு வருஷமாக முள் எடுக்கிறவள். ஜோவெலினுடைய வேதியியல் பட்டம் மொத்தமும் அந்தச் சாமணத்தின் நுனியில் வந்தது. கல்லூரிக்கு அது புத்தகமாகவும் விடுதிச் சோறாகவும் போனது. பிரசவத்துக்குப் பிறகு ஜோவெலினுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளையை மார்போடு அணைத்துப் புட்டிப்பால் கொடுத்து உயிரோடு வைத்திருந்தவளும் அவள்தான். பெலென் அம்மாளுக்கு அப்போது முதுகுவலி.

ஜோவெலினுடைய கணவன் ஆர்னெல் ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தான். சாயங்காலம் போனில் கேட்டபோது, “அம்மாவுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியும் ஜோவ், விட்டுடு” என்றான். அவனுக்கே அந்தக் கப்பல் வேலை அவனுடைய கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்ற ஒரு ஏஜென்ட் வாங்கிக் கொடுத்ததுதான். அந்த ஏஜென்டைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை அவன் பார்த்ததே இல்லை.

*

விஷயம் இதுதான். ஊர் நீர் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு வேதியியலர் இடம் காலியாக இருந்தது. ஜோவெலின் அப்போது குடிநீர் நிரப்பும் கடை ஒன்றில் கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு முறை அந்தத் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவள் வேலை. ‘இருக்கிறது’ என்று அவள் சொன்ன மாதங்களில் முதலாளி வேறு ஒருவரிடம் கேட்டுக்கொள்வார். உரிமத் தேர்வில் மாகாணத்திலேயே ஆறாவதாக வந்தவள் அவள். ஊர் முழுவதும் குடிக்கிற தண்ணீரை ஒரு முறையாவது நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு மேல் பெரிய ஆசை ஒன்றும் அவளுக்கு இல்லை.

முதல் முறை விண்ணப்பத்தோடு போனபோது வாசல் காவலாளி, “யாரு அனுப்பினாங்க?” என்று கேட்டான்.

“நானா வந்தேன்.”

“அப்ப யாரும் அனுப்பல” என்றான் இரக்கத்தோடு. அந்த இரக்கம் அவளுக்கு ஒரு வாரம் வலித்தது.

இரண்டாம் முறை நேர்முகம் வரைக்கும் போனாள். ஆள் எடுக்கும் பிரிவின் தலைவி பிரிசிலா ஒம்பாய் மேடம், பயோடேட்டாவை முதல் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ‘என்னை அறிந்தவர்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே இருந்த மூன்று பெயர்களை விரல் வைத்துப் படித்தார். ஒரு பேராசிரியர். ஒரு பங்குச் சாமியார். ஒரு மருந்துக்கடைக்காரர். மேடம் காகிதத்தை மெல்ல மூடி, அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தார். டம்ளரின் அடி வட்டம் ஜோவெலினுடைய மதிப்பெண் மேல் ஈரமாகப் பதிந்தது.

மூன்றாம் முறை போவதற்கு முன், தோழி ஒருத்தி பேச்சைக் கேட்டு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனாள். வணிக வளாகத்தின் மேல் மாடியில், ‘வேலை தேடுவோருக்கான தொடர்பு வளர்ப்பு’ என்று பெயர். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, உங்கள் மதிப்பு நீங்கள் யார் என்பதில் இல்லை, உங்களுக்கு யாரைத் தெரியும் என்பதில் இருக்கிறது என்றார். கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் எழுந்து பக்கத்தில் இருக்கும் ஐந்து பேருக்குக் கை கொடுத்து, கார்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார். வேலையில்லாத எண்பது பேர் வேலையில்லாத எண்பது பேருக்குச் சிரித்துச் சிரித்துக் கார்டு கொடுத்தார்கள். ஜோவெலின் பதினோரு கார்டுகளோடு வீடு திரும்பினாள். அதில் ஒன்றில் ‘எதிர்கால மேலாளர்’ என்று அச்சடித்திருந்தது.

அந்தப் பதினொன்றையும் பெலென் அம்மாள் சீட்டுக்கட்டைப் போல விரித்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். பிறகு, அப்போது ஐந்து மாதமாக இருந்த மருமகளின் வயிற்றை உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தாள்.

“இதைவிட நல்ல கார்டு உனக்கு எதுக்கு?” என்றாள்.

ஜோவெலினுக்கு மசக்கை எப்போதோ நின்றிருந்தது. அன்று சாயங்காலம் மறுபடி வாந்தி எடுத்தாள்.

ஆனால் மாமியார் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் பெற்றவர்களுக்கு உடன்பிறப்பு மாதிரி. உடன்பிறந்தவளுக்கு வேலை கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை ஊரில் எந்தக் காவலாளியும் யார் அனுப்பியது என்று கேட்பதில்லை. பெலென் அம்மாள் அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டாள். நீர் வாரியத் தலைவருக்கு மச்சான் கவுன்சிலர் எல்பிடியோ காந்தூரா. ஆள் எடுப்பது பிரிசிலா மேடம். பிள்ளை பெண்ணாகப் பிறந்ததும் அதற்கு எல்ப்ரிஸ் என்று பெயர் வைத்தாள். முதல் பாதி கவுன்சிலர், பின் பாதி மேடம். பிள்ளையின் பெயரைக் கேட்டுச் சம்பந்தப்பட்ட இருவருக்கும் மனம் குளிர்ந்ததாகத் தகவல் வந்தது. லூடி மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மினுக்குகிற கண் என்பதால், மினுமினுப்பு என்ற அர்த்தத்தில், நிங்நிங் என்றாள். வீட்டில் அதுதான் நிலைத்தது.

*

கவுன்சிலர் வீட்டு முன்கூடத்தில் ஒரு நீள பெஞ்சு. ஜோவெலினும் பெலென் அம்மாளும் போன காலையில் அதில் ஏழு பிள்ளைகள் இருந்தன. ஏழும் குல்லாய் போட்டு, பவுடர் பூசி, ஏழு மடிகளில். ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். உதவியாளர் ஒருவர் நோட்டோடு வந்து, எந்தக் கோவில், எந்தத் தேதி, என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். பிள்ளையின் பெயருக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை.

கவுன்சிலர் பல் துலக்கிய கையோடு வந்தார். பிள்ளையை வாங்கி, கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தார்.

“அடடா, என் ஜாடை இல்ல?” என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. “எழுதிக்கப்பா, நான் நிக்கிறேன். இனிமே இவளுக்கு ஒரு அப்பா கடல்ல, ஒரு அப்பா கரையில.”

பெலென் அம்மாள் வேலை விஷயத்தை எடுத்தாள். அதெல்லாம் மச்சானிடம் சொல்லியாயிற்று, ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை நியமன உத்தரவு கையெழுத்தாகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கோவிலில் கொடுக்கிற சான்றிதழின் நகல் ஒன்றை மேடத்திடம் கொடுத்துவிடும்படி சொன்னார். கண்டவர்கள் எல்லாம் காந்தூரா குடும்பம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்களாம். எழுத்தில் இருக்க வேண்டுமாம்.

வாசலுக்கு வந்ததும் ஜோவெலின் கைக்குட்டையை நனைத்துப் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள், தோல் சிவக்கும் வரைக்கும்.

“என்னடி பண்றே?” என்றாள் மாமியார்.

“பற்பசை ஒட்டியிருக்கு.”

அந்தத் தேதி கவுன்சிலருக்கு வசதிப்படவில்லை என்று மூன்று முறை தள்ளிப்போனது. பிள்ளைக்குப் பல் முளைத்தது. தவழ ஆரம்பித்தது. ஒன்பதாவது மாதத்தில், ஞானஸ்நானத் தொட்டிக்கு அதுவாகவே தவழ்ந்து போய்விடும் போல இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குத் தேதி உறுதியானது.

*

கோவில் வளாகத்தின் கேட்டில் பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. கவுன்சிலர் எல்பிடியோ காந்தூரா இரண்டு கையையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொஞ்சம் சின்னதாகப் பிரிசிலா மேடம். கீழே மூலையில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, பிள்ளையின் முகம். ‘எங்கள் அன்பு ஞானமகளுக்கு வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தது. எந்த ஞானமகள் என்று எழுதவில்லை. அடுத்த வாரமும் அதே பேனரைப் பயன்படுத்தலாம், பொத்தானை மட்டும் மாற்றினால் போதும் என்று ஜோவெலினுக்குத் தோன்றியது.

மணி ஒன்பதாகியும் கவுன்சிலர் வரவில்லை. அவருடைய கார் வந்தது. அதிலிருந்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், தோள் வழியாக வழிகிற ஒரு பெரிய வெள்ளைப் பூவேலைச் சட்டையோடு இறங்கினார். கையில் ஒரு மொய்ப்பண உறை.

“கவுன்சிலருக்கு அவசர வேலை. அவருக்குப் பதிலா நான் நிக்கிறேன். டிரைவர் தெம்யோ” என்றார். சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுவும் அவரோடதுதான்.”

பெலென் அம்மாளின் முகத்தில் ஒரு நொடி ஏதோ அணைந்தது. உடனே ஏற்றிக்கொண்டாள். கவுன்சிலருடைய சொந்த டிரைவரே வந்திருக்கிறார், வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை பாருங்கள் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

வரிசையாக மற்றவர்களும் அப்படியே வந்தார்கள். வங்கி மேலாளருக்குப் பதிலாக அவருடைய தோட்டக்காரர். காவல் அதிகாரிக்குப் பதிலாக அவர் வீட்டுச் சமையல்காரி. பதினான்கு பேரில் ஒன்பது பேர் பதிலாள். மற்ற ஐந்து பேர் பதிலாள் வைத்துக்கொள்கிற அளவுக்கு வசதியில்லாதவர்கள், அவர்களே வந்துவிட்டார்கள்.

தெம்யோ பிள்ளையைப் பார்த்து விரலை நீட்டினார். அது விரலைப் பிடித்துக்கொண்டது.

“பேரு என்னம்மா?”

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஜோவெலின் எல்ப்ரிஸ் என்றாள். அவர் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

“வீட்டுல என்னன்னு கூப்பிடுவீங்க?”

“நிங்நிங்.”

“அது நல்லாயிருக்கு” என்றார். “பயப்படாதேம்மா, எனக்குப் பிடிக்கத் தெரியும். கழுத்துக்கு அடியில கை குடுக்கணும். இது எனக்கு நாப்பத்து மூணாவது.”

“நாப்பத்து மூணு பிள்ளைங்களா?”

“நின்னது நாப்பத்து மூணு. எனக்குன்னு ஒண்ணும் இல்ல. என்னை யாரு கேப்பாங்க?”

“அந்தப் பிள்ளைங்களுக்கு உங்களைத் தெரியுமா, அண்ணே?”

“தெரியாம என்ன? கிறிஸ்துமஸுக்கு ஞானத்தகப்பன்கிட்ட பரிசு வாங்க வரிசையா வருதுங்களே, கேட்டைத் திறந்து விடறது நான்தான்.” அவர் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னார். கவுன்சிலரிடம் பதினொரு வருஷமாகத் தற்காலிக டிரைவர் என்றும், அடுத்த வருஷம் நகராட்சிக் கணக்கில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், போன பத்து வருஷமும் அப்படித்தான் சொன்னார் என்றும் அதே நகைச்சுவையோடு சொன்னார்.

மணி ஒன்பதரை ஆயிற்று. சாமியார் வெளியே எட்டிப் பார்த்தார். பிரிசிலா மேடம் வரவில்லை. மேடத்துக்குப் பதிலாக வரவேண்டியவளும் வரவில்லை. போன் பண்ணினால், வேலைக்காரிக்கு வயிற்றுப்போக்கு, நீங்களே யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள், பேர் மட்டும் என் பேராக இருக்கட்டும் என்று பதில் வந்தது.

பெலென் அம்மாள் கோவிலுக்குள் கண்ணை ஓட்டினாள். கடைசி பெஞ்சில், கதவோரமாக, லூடி உட்கார்ந்திருந்தாள். சந்தையில் பாதி நாள் விடுப்பு வாங்கி, இருப்பதிலேயே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு, அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவள் போல.

“லூடி, நீ வா. மேடத்துக்குப் பதிலா நில்லு. வாயைத் திறக்க வேணாம், சாமியார் கேட்டா தலையாட்டினா போதும்.” இரண்டடி போய்த் திரும்பினாள். “கையைக் கழுவிட்டு வா.”

ஜோவெலின் அதைக் கேட்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் முதுகைப் பார்த்தாள். லூடி வளாகத்துக் குழாயடிக்குப் போனாள். பாவாடை மடிப்பிலிருந்து பாதி எலுமிச்சையை எடுத்தாள். அதை எப்போதும் வைத்திருப்பாள். விரல் இடுக்கில், நகக்கண்ணில், மணிக்கட்டில் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். தன்னைப் படிக்க வைத்த கை தன்னுடைய பிள்ளையைத் தொடுவதற்காக மூன்று முறை கழுவப்படுவதை ஜோவெலின் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினாள்.

தொட்டியருகே லூடி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். புதுக் கூட்டம், புது விளக்கு, சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்ததில் காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, அவள் விரலை இழுத்து வாயில் வைத்து, எலுமிச்சைப் புளிப்புக்கு முகத்தைச் சுளித்தது. பிறகு அந்தப் புளிப்புக்கு அடியில் பழைய வாசனையைக் கண்டுபிடித்துவிட்டது போல அடங்கியது.

“சாத்தானையும் அவனுடைய சகல ஆடம்பரங்களையும் விட்டுவிடுகிறீர்களா?” என்று சாமியார் கேட்டார்.

“விட்டுவிடுகிறேன்” என்றார் தெம்யோ, கவுன்சிலர் காந்தூராவின் சார்பில், அவருடைய சட்டைக்குள் நின்றுகொண்டு.

பெலென் அம்மாள் சொன்னபடி லூடி தலையாட்டியிருக்கலாம். ஆனால் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, “விட்டுவிடுகிறேன்” என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் காலையில் அந்தக் கோவிலில் அர்த்தத்தோடு சொல்லப்பட்ட ஒரே வார்த்தை அது என்று ஜோவெலினுக்குப் பட்டது. ஒன்பது மாதமாக அவளுக்குள் நின்றுகொண்டிருந்த கசப்பு அப்போதுதான் ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது. அது மாமியார் மேல் வந்த அருவருப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாமியார் பட்டியல்தான் எழுதினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் எட்டாவதாக உட்கார்ந்தது யார்?

*

பங்கு அலுவலகம் கோவிலுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. விருந்தாளிகளைப் பேனருக்குக் கீழே நிறுத்தி, பதிலாட்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போட்டோ எடுக்கிற வேலையில் பெலென் அம்மாள் இருந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட ஜோவெலின் மட்டும் பிள்ளையோடு வந்தாள். பின்னால் தெம்யோவும் லூடியும் வந்தார்கள். பதிவேட்டில் ஏறுவது முதல் இரண்டு பெயர்கள் மட்டும்; அவர்களுடைய பதிலாட்களும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

எழுத்தர் அம்மாள் நெனிதா, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றினாள்.

“அது என்ன?” என்றாள் ஜோவெலின்.

“கவுன்சிலர் பேரு. ஒவ்வொரு வாரமும் கையால எழுதி முடியலம்மா. போன வருஷம் அவரே செஞ்சு குடுத்தாரு.”

ஸ்டாம்பு பதிவேட்டை நோக்கி இறங்கியது. ஜோவெலின் தன் கையை இடையில் வைத்தாள். ‘எல்பிடியோ காந்தூரா’ அவளுடைய புறங்கையில் நீலமாக விழுந்தது.

“அம்மா, இந்த இடத்துல யார் பேரு எழுதணும்னு யாரு சொல்லணும்?”

“பெத்தவதான் சொல்லணும். நீ சொல்றதுதான் எழுத்து.”

“அப்ப ஞானத்தாய், லூர்தெஸ் மாக்சினோ.”

லூடி பின்னாலிருந்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஜோவ், வேணாம்டி. நாளைக்கு வேலை உத்தரவுல கையெழுத்து. இதுக்காகவா இவ்வளவு நாள்? பேரு எங்க இருந்தா எனக்கென்ன, பிள்ளை என்கிட்ட வராமலா போயிடும்?”

“உனக்கு இல்லக்கா. நாளைக்கு இவ படிக்கப்போறா இதை.” ஜோவெலின் திரும்பாமலே சொன்னாள். பிறகு டிரைவரைப் பார்த்தாள். “அண்ணே, உங்க பேரை எழுதச் சொல்லலாமா? பதிலா இல்ல. உங்களுக்கே.”

தெம்யோ ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். கழுத்துப் பட்டையை விரலால் தளர்த்தினார்.

“அவரு கேப்பாரும்மா. இதெல்லாம் அவரு காதுக்குப் போயிடும்.”

“தெரியும். வேணாம்னா விட்டுடுங்க, அந்தக் கட்டத்தைக் காலியாவே விட்டுடறேன்.”

“பதினொரு வருஷம்” என்றார் தெம்யோ, யாரிடமும் இல்லாமல். பிள்ளை லூடியின் கைக்குத் தாவுவதற்காக உடம்பை வளைத்தது; அவருடைய கை தன்னையறியாமல் அதன் கழுத்துக்கு அடியில் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“தெம்யோன்னு எழுதிடாதீங்க” என்று எழுத்தர் அம்மாளிடம் சொன்னார். “அர்தேமியோ. அர்தேமியோ சுமாபாத்.”

கையெழுத்துப் போட்டார். ‘பதிலாக’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே நாற்பத்திரண்டு முறை போட்டுப் பழகிய கை, வெறும் கோட்டின் மேல் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறியது.

*

திங்கட்கிழமை காலையில் பெலென் அம்மாள் மருமகளின் சட்டையைத் தானே இஸ்திரி போட்டாள். சான்றிதழ் இருந்த உறையின் மேல் சிலுவை வரைந்து, “பத்திரம், இதுதான் உன் சோறு” என்றாள். உறையைத் திறந்து பார்க்கவில்லை. தானே எழுதிய பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

காவலாளி அன்று எழுந்து நின்று கதவைத் திறந்தான்.

பிரிசிலா மேடத்தின் மேசையில் நியமன உத்தரவு தயாராக இருந்தது. ஜோவெலின் தன் பெயரை அதில் தலைகீழாகப் படித்தாள். கீழே கையெழுத்துக்கான இடம் வெள்ளையாக இருந்தது. மேடம் உறையைப் பிரித்து, பழக்கப்படி நேராகக் கடைசி வரிகளுக்குப் போனார்.

“லூர்தெஸ் மாக்சினோ.” நிமிர்ந்தார். “இது எந்த அலுவலகம்?”

“மீன் சந்தை மேடம். முள் எடுக்கிறாங்க.”

“சுமாபாத்?”

“டிரைவர்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை. காவலாளியிடம் முதல் நாள் பார்த்த அதே இரக்கம்தான், கொஞ்சம் விலை கூடியது.

“கோவில்ல தப்பா எழுதிட்டாங்களா?”

“இல்ல மேடம். பிள்ளையைத் தூக்கினவங்க பேரு.”

மேடம் உத்தரவை எடுத்து, மடிக்காமல், கசக்காமல், மேசையின் இன்னொரு ஓரத்தில் வேறொரு கோப்பின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, உடன்பிறந்தவளுக்குச் சொல்லுகிற மாதிரிக் கனிவோடு சொன்னார்:

“சின்ன வயசு. அவசரப்பட்டுட்ட. பரவாயில்ல. இன்னொண்ணு பெத்துக்க மாட்டியா? அதுக்குச் சரியா பண்ணு.”

ஜோவெலின் எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். கலங்கல் எதுவும் தெரியாத, தெளிந்த தண்ணீர். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரை நம்பக் கூடாது என்பது அவள் படித்த படிப்பின் முதல் பாடம்.

“அந்தச் சான்றிதழைத் திருப்பிக் குடுங்க மேடம்” என்றாள். “அது விண்ணப்பம் இல்ல.”

வெளியே நடைபாதை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். மடியில் ஒரு கோப்பு, அதன் மேல் பெரிய வயிறு. ஜோவெலினின் இஸ்திரி போட்ட சட்டையையும் கையிலிருந்த சான்றிதழையும் பார்த்து, நம்பிக்கையோடு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“உங்களுக்கு ஆயிடுச்சாக்கா? மேடம் நல்லா பேசினாங்களா?”

“நல்லாத்தான் பேசினாங்க.”

“உங்க பிள்ளைக்கு யாரு நின்னாங்க?”

“எங்க அக்கா. அப்புறம் ஒரு டிரைவர்.”

அந்தப் பெண் யோசித்தாள். சட்டென்று ஏதோ புரிந்தவள் போல முகம் மலர்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜோவெலினின் காதருகே குனிந்து கேட்டாள்.

“யாரோட டிரைவர்?”